மேட்டூர் சிவப்பு மண்ணும் ஒரு லாரிக் கணக்கும்

காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் ‘ப்ராசஸ் காஸ்டிங்’ என்று ஒரு பாடம் வரும். நம் வகுப்பில் யாரும் அதை மறந்திருக்க முடியாது. ஒரு தொழிற்சாலைக்குள் நூறு கிலோ மூலப்பொருள் போனால் தொண்ணூறு கிலோ சரக்கு வெளியே வரும். மீதிப் பத்து கிலோ ‘நார்மல் லாஸ்’. அந்தப் பத்து கிலோவை விற்றால் நாலு காசு கிடைக்கும் என்றால் வரவு வைப்போம். கிடைக்காது என்றால் மதிப்பு என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அந்தப் பத்து கிலோ கடைசியில் எங்கே போனது என்று எந்தக் கேள்வித்தாளிலும் கேட்டதில்லை.

எனக்கு அந்தக் கோட்டின் மேல் கொஞ்ச நாளாக ஒரு கண். அதற்குக் காரணம் அலுமினியம்.

சுமார் 4 டன் பாக்சைட் தாதுவிலிருந்து 2 டன் அலுமினா வரும். அந்த 2 டன் அலுமினாவிலிருந்து 1 டன் அலுமினியம் வரும். பாக்சைட்டை அரைத்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு, அழுத்தத்தில் வேகவைப்பார்கள். அலுமினா கரைந்துவிடும். கரையாமல் நின்றுவிடுகிற இரும்பு, டைட்டானியம், மணல் வகையறா எல்லாம் சிவப்புக் குழம்பாக வெளியே தள்ளப்படும். தொழிலில் இதற்கு ‘ரெட் மட்’ என்று பெயர். நாம் சிவப்பு மண் என்றே வைத்துக்கொள்வோம். 1 டன் அலுமினாவுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் வரை இது வருகிறது. அதாவது நார்மல் லாஸ், சரக்கைவிட அதிகம்! நம் பாடப் புத்தகத்தில் இப்படி ஒரு கணக்கு வந்தால் அச்சுப் பிழை என்று நினைப்போம். உலகம் முழுக்க ஆண்டுக்கு 15 கோடி டன்னுக்கு மேல் இந்த மண் உண்டாகிறது. இதுவரை குவிந்து கிடப்பது சுமார் 400 கோடி டன் என்கிறார்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். 1888-ல் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கிய கார்ல் யோசெஃப் பேயர் ஆஸ்திரியாக்காரர், ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை பார்த்தவர். அவர் மனதில் அப்போது அலுமினியப் பாத்திரமும் இல்லை, விமானமும் இல்லை. துணியில் சாயம் பிடிப்பதற்கு அலுமினா வேண்டியிருந்தது, அதற்காகத்தான் கண்டுபிடித்தார். சாயம் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வரும், எனவே இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் இந்த மண் இருக்கிற ஊர் மேட்டூர். மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ, 1965-ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. பாக்சைட் ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் இறங்கி வந்தது. 2008-ன் கடைசியில் உற்பத்தி நின்றது. நாற்பது வருடத்து மண் ஆலையோடு சேர்ந்து மாயமாகிவிடவில்லை.

சும்மா கிடக்கிற மண்தானே என்று விட்டுவிட முடியாது. இதில் காஸ்டிக் சோடா ஊறியிருக்கிறது. பிஹெச் அளவு 10-லிருந்து 13 வரை போகும். (தண்ணீர் 7, சோப்புத் தண்ணீர் 9, 10 இருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்.) 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியில் அய்கா என்ற ஊரில் சிவப்பு மண் தேக்கத்தின் கரை உடைந்தது. கோலொன்டார், டெவெச்செர் என்ற இரண்டு ஊர்களுக்குள் அது பாய்ந்தது. பத்து பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம், அதில் பலருக்குக் காரம் பட்டு தோல் வெந்த புண். மார்சல் என்ற ஆற்றில் மீன் மட்டுமல்ல, உயிர் என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. காரத்தை முறிப்பதற்கு ஆற்றில் ஜிப்சத்தைக் கொட்டினார்கள். 2019 ஏப்ரலில் நம் நாட்டிலேயே ஜார்க்கண்ட் மாநிலம் முரியில் ஒரு சிவப்பு மண் குளத்தின் கரை சரிந்தது.

இவ்வளவு பொல்லாத மண்ணுக்கு ஒரு நல்ல குணமும் இருக்கிறது. அதனால்தான் இதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

இந்த மண்ணில் பெரும்பங்கு இரும்புத் துரு. கூடவே கரையாமல் போன அலுமினியச் சேர்மங்கள். எல்லாம் மாவை விட மென்மையான துகள்கள். துகள் சின்னதாகச் சின்னதாக மொத்தப் பரப்பு கூடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இரும்புத் துருவின் பரப்பில் ஆர்செனிக், பாஸ்பேட், சில சாயங்கள், சில உலோகங்கள் போய் ஒட்டிக்கொள்ளும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் செய்த ‘அம்ரித்’ என்ற ஆர்செனிக் வடிகட்டியில் இருக்கிற சரக்கும் அடிப்படையில் இரும்பு ஆக்சைடு வகைதான். அங்கே பார்த்துப் பார்த்துத் தயாரிக்கிறார்கள். இங்கே அதன் கரடுமுரடான உறவினர் கோடிக்கணக்கான டன் இலவசமாகக் கிடக்கிறார்.

இலவசம் என்றதும் காமர்ஸ்காரனுக்கு மூக்கு வேர்க்கும். எனக்கும் வேர்த்தது.

தேடிப் பார்த்தால் இது ஒன்றும் புது யோசனை இல்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நமசிவாயம் 1997-லேயே சிவப்பு மண்ணை வைத்து ‘காங்கோ ரெட்’ என்ற சாயத்தைத் தண்ணீரிலிருந்து பிரித்துக் காட்டிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். அந்த வருடங்களில் நொய்யல் ஆறு எப்படி ஓடியது என்று திருப்பூர், ஈரோடு நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நின்றது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது.

மேட்டூரில் சாயத்தைப் பிடிக்கிற மண். திருப்பூரில் மண் தேவைப்படுகிற சாயம். நடுவில் பவானி வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம் தார் ரோடு. கட்டுரை 1997-ல் வந்தாகிவிட்டது. அப்புறம் ஏன் ஒரு லாரிகூடப் போகவில்லை?

இந்தக் கேள்வியை இரண்டு பேரிடம் கொண்டு போனேன்.

முதல் ஆள் என் தோழி, எங்கள் கல்லூரியிலேயே வேதியியல் படிக்கிறாள். அவள் துறை அலமாரியில் யாரோ பழைய மாணவர் புராஜெக்டுக்காக வாங்கி வைத்த சிவப்பு மண் ஒரு பாட்டில் இருந்தது. “முதல்ல கழுவணும்” என்றாள். கழுவுவது என்றால், தண்ணீரில் கலக்கி, மண் அடியில் இறங்கும்வரை காத்திருந்து, மேல் தண்ணீரை இறுத்து, பிஹெச் தாளை நனைத்துப் பார்ப்பது. தாள் நீலமாக வந்தது. மறுபடி கழுவினாள். மறுபடியும் நீலம். மண் வேறு அவ்வளவு பொடியாக இருந்ததால் அடியில் இறங்குவேனா என்றது. மதியத்துக்கு மேல் ஆரம்பித்தது சாயங்காலம் லேப் பூட்டுகிற நேரம் வரை இழுத்தது. இத்தனைக்கும் எடுத்துக்கொண்ட மண் இரண்டு ஸ்பூன்.

கழுவிய தண்ணீர் ஒரு வாளி சேர்ந்துவிட்டது. “இதை எங்கே ஊத்துறது?” என்று கேட்டேன். “அதுக்கு ஆசிட் போட்டு நியூட்ரல் பண்ணணும்” என்றாள். ஆசிட்டுக்குக் காசு. வாளியைத் தூக்கி வைக்க ஆளுக்குக் கூலி. இலவச மண்ணுக்கு முதல் வவுச்சர் அங்கேயே போட்டாகிவிட்டது.

மறுநாள் காங்கோ ரெட் கரைசலில் அந்த மண்ணைப் போட்டுக் குலுக்கினாள். கொஞ்சம் அமிலம் சேர்த்தால்தான் நன்றாகப் பிடிக்குமாம். வடிகட்டி எடுத்தால் நிறம் நிஜமாகவே வெளுத்திருந்தது. நம்ப முடியாமல் இரண்டு குடுவையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அவளுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. “எவ்வளவு பிடிக்குதுங்கறதுதான் விஷயம்” என்றாள்.

1997 கட்டுரையில் அந்த எண் இருக்கிறது. ஒரு கிராம் மண் பிடிப்பது ஏறத்தாழ 4 மில்லிகிராம் சாயம். அதாவது 1 டன் மண்ணுக்கு 4 கிலோ சாயம்.

இப்போது நம் வேலைக்கு வருவோம். ஒரு சாயப்பட்டறை நாளுக்கு 1 லட்சம் லிட்டர் கழிவுத் தண்ணீர் விடுகிறது, அதில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் சும்மா கணக்குக்காக). மொத்தச் சாயம் 10 கிலோ. அதைப் பிடிக்க 2.5 டன் மண் வேண்டும். ஒவ்வொரு நாளும். பட்டறை 500 என்றால் நாளுக்கு 1,250 டன், பத்து டன் லாரியில் 125 லோடு. வருடத்துக்கு முந்நூறு நாள் ஓடினால் 3,75,000 டன்.

அடடா, மேடு சீக்கிரம் கரைந்துவிடுமே என்று ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் மண் எங்கேயும் கரையவில்லை. அந்த 3,75,000 டன்னும் இப்போது திருப்பூரில் இருக்கிறது, சாயத்தோடு சேர்ந்து, சொதசொதவென்று ஈரமாக. காவிரிக் கரையிலிருந்து நொய்யல் கரைக்கு வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கணக்கின் நார்மல் லாஸ் அடுத்த கணக்கின் மூலப்பொருளாகி, அங்கேயும் நார்மல் லாஸாகவே முடிகிறது.

இரண்டாவது ஆள் என் மாமா. சங்ககிரியில் இரண்டு லாரி வைத்து ஓட்டுகிறார். அவரிடம் சாயம், பிஹெச் எல்லாம் பேசவில்லை. மேட்டூரிலிருந்து திருப்பூருக்கு மண் லோடு என்றால் வாடகை என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

“மண்ணு ஏத்தறது பெரிய விஷயமில்ல கண்ணு. அங்க இறக்கிட்டு வரப்ப என்ன ஏத்தறது? அதைச் சொல்லு மொதல்ல.”

“பனியன் துணி ஏத்திட்டு வரலாமே மாமா?”

“காரம் புடிச்ச செவப்பு மண்ணு ஏத்துன வண்டியில எவன் கண்ணு வெள்ளைத் துணி ஏத்துவான்?”

ரிட்டர்ன் லோடு இல்லாவிட்டால் காலி வண்டிக்கும் சேர்த்து டீசல் நம் தலையில்தான் விழும். அடுத்து மண் ஈரமா, காய்ந்ததா என்று கேட்டார். ஈரம் என்றேன். “அப்பத் தண்ணிக்கும் சேத்து வாடகை குடுக்கறே.” காய்ந்தது என்றால்? “பறக்கும். தார்ப்பாய் கட்டணும். ரோட்டுல ஒருத்தன் வண்டிய நிறுத்தி என்ன லோடுன்னு கேட்டா என்ன சொல்லுவே?” இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. இ-வே பில்லில் சரக்கின் பெயரும் மதிப்பும் எழுதியாக வேண்டும். ஒரு ஊரில் கழிவு என்று பெயர் வாங்கிய பொருள், வண்டி ஏறியதும் சரக்கு ஆகிவிடுமா? வழியில் கவிழ்ந்தால் அது யாருடையது, விற்றவருடையதா வாங்கியவருடையதா? நாம் படித்த சரக்கு விற்பனைச் சட்டத்தில் பொருள் எப்போது கைமாறுகிறது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அதெல்லாம் வாங்குகிறவன் பொருளை விரும்பி வாங்குகிறான் என்ற நம்பிக்கையில் எழுதியது.

லாரியை விட்டுவிட்டாலும் இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது. திருப்பூரின் பெரிய தலைவலி நிறம் இல்லை, உப்பு. சாயம் துணியில் ஏறுவதற்குக் கிலோ கிலோவாக உப்பைப் போடுகிறார்கள். அது தண்ணீரில் கரைந்தே நிற்கும். சிவப்பு மண் நிறத்தைப் பிடிக்கும், உப்பைத் தொடாது. போதாக்குறைக்கு மண்ணில் இருக்கிற சோடியமும் தண்ணீரில் சேரும். பார்க்கத் தெளிவாக, பயிருக்கு ஆகாத தண்ணீர் கிடைக்கும். நிறம் தெரிந்தாலாவது ஆடு மாடு விலகிப் போகும்.

சரி, திருப்பூரை விடுங்கள். ஆர்செனிக்குக்கு வருவோம். மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் அடிபம்புத் தண்ணீரில் ஆர்செனிக் இருப்பது பலருக்கும் தெரிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைப் போலப் பத்து மடங்கு இருக்கிற தண்ணீரை ஒரு குடும்பம் நாளுக்கு 20 லிட்டர் குடிக்க, சமைக்க எடுக்கிறது என்று வைப்போம். வருடத்துக்கு மொத்த ஆர்செனிக் 730 மில்லிகிராம், ஒரு கிராம்கூட இல்லை. பக்குவப்படுத்திய சிவப்பு மண் கிராமுக்கு ஒரே ஒரு மில்லிகிராம் பிடித்தால்கூட ஒரு குடும்பத்துக்கு வருடம் முக்கால் கிலோ மண் போதும். இங்கே லாரி வாடகை ஒரு பொருட்டே இல்லை. தபாலில்கூட அனுப்பலாம்.

ஆனால் ஒரு கோடி குடும்பத்துக்குக் கொடுத்தாலும் செலவாவது 7,300 டன். ஆண்டுக்கு 15 கோடி டன் வருகிற இடத்தில் இது கடலில் ஒரு செம்பு மொள்வது மாதிரி. தவிர, கழிவிலிருந்து வந்த பொருளைக் குடிதண்ணீரில் போடுகிறோம். அதிலேயே குரோமியம், வனேடியம், சில இடங்களில் ஆர்செனிக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஒவ்வொரு மூட்டையையும் சோதிக்க வேண்டும். ஒரு வருடம் கழித்து ஆர்செனிக் ஏறிய அந்த முக்கால் கிலோவைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். வாங்க ஆள் வராவிட்டால் அது கொல்லையில்தான் கொட்டப்படும், கொல்லையில்தான் அடிபம்பும் இருக்கும்.

ஆக, மண் நன்றாக வேலை செய்கிற இடத்தில் தேவை ஒரு ஸ்பூன். டன் டன்னாகத் தேவைப்படுகிற இடத்தில் அது அரைகுறையாக வேலை செய்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் வந்தும் மேடுகள் அப்படியே இருப்பதற்கு என் புத்திக்கு எட்டிய காரணம் இதுதான். கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் ‘மலிவான, எளிதில் கிடைக்கும் பொருள்’ என்று ஒரு வரி தவறாமல் வரும். மலிவு என்பது ஆலை வாசலில் நிற்கும்போது உள்ள விலை. ஒரு காஸ்ட் ஷீட் போட்டுப் பார்த்தவர் அதை எழுத மாட்டார்.

ஜோடிப் பொருத்தம் சரியாக அமைந்த இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் சிவப்பு மண்ணோடு கடல் தண்ணீரைக் கலந்தார்கள். கடல் நீரில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் காரத்தைப் பிடித்துத் திடப்பொருளாக மாற்றிவிடும். பிஹெச் எட்டரை, ஒன்பதுக்கு இறங்கிவிடும். என் தோழி வாளி வாளியாகக் கழுவியதைக் கடல் இலவசமாகச் செய்துவிடுகிறது. இப்படிப் பக்குவமான மண்ணுக்கு ‘பாக்சால்’ என்று பெயர் வைத்து விற்றார்கள். அதை எதற்குப் போட்டார்கள் என்பதுதான் அழகு. கைவிடப்பட்ட உலோகச் சுரங்கங்களில் கந்தகம் கலந்த பாறைகள் காற்றும் மழையும் பட்டு கந்தக அமிலமாக வழியும். அந்த அமிலம் பாறையிலுள்ள செம்பு, துத்தநாகம், காட்மியம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும். அங்கே காரமான இந்த மண்ணைப் போட்டால் அமிலமும் முறியும், உலோகமும் ஒட்டிக்கொள்ளும். ஒரு சுரங்கத்தின் கழிவு இன்னொரு சுரங்கத்தின் கழிவுக்கு மருந்து. டன் கணக்கில் தேவைப்படும், ரொம்பச் சுத்தமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அமிலச் சுரங்கமும் அலுமினா ஆலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மாமா சொன்ன அதே விஷயம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் க்வினானா என்ற இடத்தில் அல்கோவா நிறுவனம் லாரியே இல்லாமல் செய்தது. பக்கத்து அம்மோனியா ஆலையின் கரியமில வாயுவைக் குழாயில் கொண்டுவந்து 2007-லிருந்து சிவப்பு மண்ணுக்குள் செலுத்தினார்கள். காரம் தணியும், வாயுவும் மண்ணில் கார்பனேட்டாகக் கட்டுப்படும். வருடத்துக்கு 70,000 டன் வாயுவைப் பூட்ட முடியும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறதா? 2024-ல் அந்த அலுமினா ஆலையே உற்பத்தியை நிறுத்திவிட்டது.

நம் நாட்டில் பெரிய அளவில் மண் நகர்ந்தது சிமென்டுக்கு. 2020 செப்டம்பரில் ஹிண்டால்கோவிடமிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் டன் சிவப்பு மண்ணை அல்ட்ராடெக் சிமென்ட் எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். சுத்தம் செய்கிற வேலை அல்ல, தாதுக்குப் பதிலாகப் போடுகிற வேலை. ஆனாலும் டன் கணக்கைப் பாருங்கள். இரண்டு கம்பெனியும் ஒரே ஆதித்ய பிர்லா குழுமம் என்பதையும் பாருங்கள். இது யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே ஒரே வீட்டுக்குள் பதில் கிடைத்துவிடுகிறது.

கடைசியாக ஒன்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் இது மனதில் மாட்டிக்கொண்டது, இன்னும் விடவில்லை.

மேட்டூர் அணை நீர்த்தேக்கத்தில் சில வருடங்களில் தண்ணீர் பச்சையாகி நாற்றம் அடிக்கும். பண்ணவாடி, கோட்டையூர்ப் பரிசல் துறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பாசி. வயலில் போட்ட உரம் ஆற்றில் வந்து சேர்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம், குறிப்பாகப் பாஸ்பேட். பாஸ்பேட்டைச் சிவப்பு மண் நன்றாகவே பிடிக்கும். மண்ணும் மேட்டூரில், பாசியும் மேட்டூரில். லாரியும் வேண்டாம், மாமாவும் வேண்டாம்.

இதே மாதிரி ஒரு சிக்கல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பீல்-ஹார்வி என்ற கழிமுகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்து நிலமெல்லாம் மணல். போட்ட பாஸ்பேட் உரம் நிற்காமல் வடிந்து கழிமுகத்தில் பாசியாக எழுந்தது. 1994-ல் டாஸ்வில் என்ற இடத்தில் கடலுக்கு ஒரு கால்வாயே வெட்டினார்கள். இன்னொரு பக்கம், மேய்ச்சல் நிலங்களில் ஜிப்சம் கலந்த சிவப்பு மண்ணை இறைத்துப் பார்த்தார்கள். பாஸ்பேட் வடிவது குறைந்தது. புல்லும் நன்றாக வளர்ந்தது. விவசாயத்துறை அதிகாரிகளுக்கே அதில் நம்பிக்கை இருந்தது. 2002-ல் பத்திரிகைகளில் அந்த மண்ணில் உள்ள தோரியம் பற்றியும், கன உலோகங்கள் பற்றியும், அந்தப் புல்லை மேய்ந்த மாடுகள் பற்றியும் செய்தி வந்தது. அதற்குப் பிறகு அந்தத் திட்டத்தின் பேரைக் கேட்டாலே சந்தேகம்.

தண்ணீரில் நேராகப் போடுவது பற்றிப் பேச்சே வேண்டாம். அது பல மாவட்டத்துக்குக் குடிதண்ணீர். மேலே, வயலில் போடலாமா என்றால், தன் நிலத்தில் ஒரு ஆலைக் கழிவை இறைக்க விடுகிற விவசாயிக்கு அதில் என்ன லாபம்? பாசி குறைந்தால் சந்தோஷப்படப் போவது கீழே இருப்பவர்கள். மண்ணில் ஏதாவது ஆகிவிட்டால் நஷ்டம் அவருக்கு மட்டும்.

தோழியிடம் இதைச் சொன்னேன். “பாஸ்பேட் எவ்வளவு பிடிக்குதுன்னு வேணா பாட்டில்ல மிச்சம் இருக்கறதை வெச்சுப் பார்க்கலாம்” என்றாள். அதுவும் கழுவின மண்ணில் ஒரு தடவை, கழுவாத மண்ணில் ஒரு தடவை. மண்ணிலிருந்து தண்ணீருக்குத் திரும்ப என்னென்ன இறங்குகிறது என்று பார்க்க வேறு ஒரு கருவி வேண்டுமாம். அது எங்கள் கல்லூரியில் இல்லை. வெளியே ஒரு மாதிரிக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று இரண்டு ஆய்வகங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள்.